பெருமாள்சாமியின் ஜீப் எனக்குக் கிடைத்த கதை

"மாமா, அப்பா காலையில தவறிட்டாக" என்று பெருமாள்சாமியின் மகன் போனில் சொன்னபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இதிலும் என்னை முந்திக்கொண்டானே என்ற எரிச்சல்தான் வந்தது. எங்களோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்து முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் போலீஸ் வயர்லெஸ்ஸில் ஒன்றாகப் பயிற்சி முடித்து, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரே ஸ்டேஷனுக்கு வந்தோம். பரீட்சையில் நான்தான் முதல். ஆனால் அவனுக்கு ஜீப்பில் வயர்லெஸ் செட்டு, எனக்கு ஸ்டேஷன் செட்டின் முன்னால் நாற்காலி.

அவனுக்கு முன்னால் ஜீப்பில் இருந்தவர்கள் மைக்கில் கத்துவார்களாம். ஸ்டேஷனில் இரைச்சல்தான் கேட்குமாம். வயர்லெஸ் அலை ஏறக்குறைய நேராகப் போவது, மேடு மறித்தால் மங்கிவிடும். திருச்சுழி வரைக்கும் எந்தக் கண்மாய்க் கரையில் ஜீப்பை ஏற்றினால் எங்கள் ஏரியல் கம்பத்துக்கு எட்டும் என்று பெருமாள்சாமிக்கு அத்துபடி. கரைமேல் நிறுத்தி மெதுவாகப் பேசுவான். "செட்டைக் குறை சொல்லாதலே, நிக்கிற எடத்தைப் பாரு" என்பான். அதை நானும் புத்தகத்தில் படித்தவன்தான். பாராட்டு என்னவோ அவனுக்குத்தான்.

ஓர் ஐப்பசி மழையில், கண்மாய்களைப் பார்த்துவர ஜீப் போயிருந்தது. "பெருமாள்சாமி போயிருக்கானா? அப்பக் கவலையில்ல" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் வெளியே போனார். எனக்கு வயிறு எரிந்தது. அவன் குரல் பதற்றமாக வந்ததும், "மொறைப்படி கூப்பிடு, நம்பரைச் சொல்லிட்டுப் பேசு" என்று மைக்கின் விசையை அழுத்திப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். விசையை அழுத்தியிருக்கும்வரை நம் செட்டுக்குக் காது கிடையாது. தெரிந்தேதான் அழுத்திக்கொண்டிருந்தேன். விரலை எடுத்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை.

ஓடைத் தரைப்பாலம் மூழ்குகிறது, திருச்சுழி பஸ்ஸை விடாதே என்பதுதான் அவன் சொல்ல வந்தது. பதில் கிடைக்காமல் பாலத்துக்கு விரைந்திருக்கிறான். ஜீப்பை அக்கரையில் விட்டுவிட்டு, இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கி இக்கரைக்கு வந்து பஸ்ஸை மறித்தான். பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் என்னையும் வைத்துக்கொண்டு அவனைக் கேட்டார். "ஏன்டா முன்னாலயே சொல்லல?"

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். "செட்டு எடுக்கலைங்கய்யா" என்றான்.

"செட்டைப் பாத்துக்கத் தெரியாதவனுக்கு ஜீப் எதுக்கு?" என்று அவனை என் நாற்காலியில் உட்காரவைத்தார். ஜீப் எனக்கு வந்தது. நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அதன்பின் எந்தக் கரையிலிருந்து நான் கூப்பிட்டாலும், "கேக்குது, சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு உடனே விரலை எடுத்துவிடுவான். அந்த மழை நாளைப் பற்றிச் சாகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவனிடமிருந்து நான் வைத்திருப்பது, எனக்காக அவன் சொன்ன அந்த ஒரு பொய்தான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் இன்றைக்கும் அவன்மேல் எனக்குப் பொறாமை.