சித்திக்குக் காவலாகப் படகுக்குப் போனேன்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது சித்தியை ஒருவர் பெண் பார்த்துவிட்டுப் போனார். கிள்ளான் துறைமுகத்தில், பெரிய கப்பல்களைக் கரைக்கு இழுத்துவரும் இழுவைப் படகு ஒன்றில் இஞ்சின் பார்ப்பவர். வீட்டில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. பிரிக்பீல்ட்ஸ் சேலைக் கடையில் வேலை முடிந்து ரயிலேறி வந்ததும் சித்தி எனக்குத்தான் தலை பின்னிவிடுவாள். அவள் பக்கத்தில்தான் நான் தூங்குவேன். அந்த இடத்தில் ஒரு மீசைக்காரர் வந்து பங்கு கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

சித்தி உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு தடவை பேசிப் பார்க்க வேண்டும் என்றாள். தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. "சித்திய விட்டு நகராத," என்று சொல்லி என்னைத் துணைக்கு அனுப்பினாள். சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். அவர் காரில் முன் சீட்டில் நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அவர் எங்களைக் கூட்டிப்போனதும் ஒரு படகைப் பார்க்கத்தான். ஈயம் தோண்டிய பள்ளம் ஏரியாகிவிட்ட இடம் அது. அதன் கரையில் சின்னத் துறை ஒன்று கட்டி, அந்தக் காலத்து இழுவைப் படகைப் பார்வைக்கு நிறுத்தியிருந்தார்கள். ஏறியதுமே என் திட்டத்தைத் தொடங்கினேன். அவரைச் சித்தியிடம் பேசவிடாமல் கேள்வி மேல் கேள்வி கேட்பதுதான் திட்டம்.

"அங்கிள், இங்கதான் கடலே இல்லயே, இது எப்படி வந்துச்சு?"

"ரெண்டா வெட்டி லோரில கொண்டாந்தாங்க லா. இங்க வச்சு ஒட்டிட்டாங்க."

கயிறு அறுந்தால் என்ன ஆகும், கப்பல் இடித்தால் யாருக்கு ஏச்சு விழும் என்று விடாமல் கேட்டேன். மனிதர் குந்தி உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. இஞ்சின் அறையின் வாசல் தாழ்வானது. நான் நுழைந்தபோது இரும்பு விளிம்பின்மேல் தன் உள்ளங்கையை வைத்தார். என் தலை அந்தக் கையில்தான் பட்டது. செல்லம் கொடுக்கிறாராக்கும் என்று கையைத் தட்டிவிட்டேன். சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகைப் பற்றிய கேள்விகள் தீர்ந்துபோயின. வேறு வழியில்லாமல் அவரைப் பற்றியே கேட்டேன்.

"நீங்க குடிப்பீங்களா?"

சித்தி சட்டென்று ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தீபாவளிக்கு ரெண்டு பீர். அதுக்கு மேல போனா தூங்கிடுவேன்."

"கல்யாணம் ஆனா சித்திய வேலைக்கு விடமாட்டீங்கதானே?"

"அது அவங்க வேலை. விடுறதுக்கு நான் யாரு?"

"எங்க வீட்டுக்கு வர விடுவீங்களா?"

"வாராவாரம் நானே கொண்டாந்து விடுறேன். இல்லாட்டி நீ என்னைய சும்மா விடுவியா?"

சித்தியின் தோள் குலுங்கியது. அழுகிறாள், அவரைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். அது சிரிப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டு வாசலிலேயே அம்மா சித்தியைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி பேசுனீங்க?"

"அக்கா, நான் எங்க பேசுனேன்? கேக்கணும்னு நெனச்சதெல்லாம் இவளே கேட்டுட்டா."

சித்தி பேசவில்லை என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அம்மா அப்போதே கேசரி கிண்டினாள். மாப்பிள்ளையைத் துரத்தியதற்காகத்தான் அது என்று நினைத்து, இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.