கிட்டப் போனால்தான் கேட்கும் மைக்

போன மாதம் கொழும்பில் ஒரு கடைக்காரர் என் கையில் ஒரு மைக்கை வைத்து, "அக்கா, இது ஊசி விழுந்தாலும் பிடிக்கும்" என்றார். வீட்டில் இருந்தபடி புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வது என் தொழில். பிறவியிலேயே பார்வை இல்லை. பிரெய்ல் புள்ளிகளை விரலால் தடவி வாசிக்கிறேன். "ஊசிச் சத்தம் எனக்கு வேண்டாம். கிட்டப் போய்ப் பேசினால் மட்டும் கேட்கிற ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டேன். எனக்காக இரக்கப்படும் குரலில் மலிவான ஒன்றை எடுத்துத் தந்தார். காசில்லாதவள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். மைக் தெரிவு செய்வதை நான் எண்பதுகளின் நடுவில், எங்கள் தீவுக் கிராமமான நாரந்தனையில், வீட்டாரோடு சண்டை பிடித்துப் படித்தவள்.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. அண்ணை சவூதியில் வேலை செய்தார். நான் யாழ்ப்பாணத்துப் பக்கம் பார்வையற்றோர் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புவரை படித்தேன். பிறகு போரால் பாதை அடிக்கடி மூடப்பட்டதால் தீவுக்குத் திரும்பவேண்டி வந்தது. உயர்தரச் சோதினைக்கான புத்தகம் ஒன்றுகூடப் பிரெய்லில் கிடைக்கவில்லை. பெரியப்பா முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "கண் தெரியாத பிள்ளைக்கு உதெல்லாம் என்னத்துக்கு? வீட்டோட இருக்கட்டும்" என்று அம்மாவுக்குச் சொன்னார், நான் பக்கத்தில் இல்லாததுபோல. எனக்குக் கண் மட்டும்தான் தெரியாது என்பதை அந்த மனிதர் சாகும்வரை விளங்கிக்கொள்ளவில்லை. அன்று பின்னேரமே மச்சாள் வரலாறு, அரசியல் புத்தகங்களை இரவல் வாங்கிவந்து, வீட்டிலிருந்த கசெற் ரெக்கோடருக்கு முன்னால் இருந்துவிட்டாள். "நான் வாசிச்சுப் பதியிறன். நீர் கேட்டுப் பாடமாக்கும். சோதினைக்கு நீர் போறீர்" என்றாள். அதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை.

ரெக்கோடரிலேயே இருந்த மைக்கில், அவள் குரலைவிட உள்ளே சுழலும் மோட்டரின் இரைச்சல்தான் கூடக் கேட்டது. அண்ணைக்குக் கடிதம் போட்டாள். ஊருக்கு வந்த ஒருவரிடம் அவர் ஒரு மைக் கொடுத்தனுப்பினார். நல்ல பாரம், தலையில் பஞ்சுத் தொப்பி. அது ஒன்றையும் விடாமல் பிடித்தது. அம்மா குசினியில் தேங்காய் திருவுவது, கிணற்றுக் கப்பி, பனையோலையில் காற்று, கோழி. அரசியலமைப்பைப் படிக்க இருந்தால், கோழி முட்டையிட்ட செய்திதான் என் மனதில் நின்றது.

மூன்றாவது மைக், ஊரில் கோயில்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டும் ஒருவரிடமிருந்து வந்தது. ஒரு திருவிழாவில் கீழே விழுந்து நெளிந்ததென்று அவர் ஒதுக்கி வைத்திருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் என் பெருவிரல் சரியாகப் பொருந்தும். வயரின் முனையை மாற்றி எங்கள் ரெக்கோடருக்குச் செருகித் தந்தார். "தங்கச்சி, இதுக்குக் கிட்டப் போனாத்தான் கேக்கும். எட்டி நிண்டு கத்தினாலும் ஏலாது" என்றார். அண்ணை அனுப்பியதிலும் இதிலும் ஒரே பக்கத்தை மச்சாளை வாசிக்கச் சொல்லிப் போட்டுக் கேட்டேன். நெளிந்த மைக்கில் மச்சாள் மட்டும் இருந்தாள். "இதுதான்" என்றேன்.

அம்மா கொதித்தாள். "அவன் அந்த வெய்யிலுக்க நிண்டு உழைச்சு அனுப்பினதை மூலையில போடப்போறியளோ?" கல்யாணம் முடிந்து எட்டாம் மாதம் கடல் கடந்த மனிசன் மச்சாளுக்கென்று அனுப்பிய முதல் சாமான் அது. தெரிந்தும் நான் இறங்கவில்லை. "சோதினைக்குப் போறது நான். காதும் என்ர காது" என்றேன். சொன்ன விதத்துக்கு இன்று வெட்கப்படுகிறேன். சொன்னது பிழையென்று இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன். கொஞ்ச நேரத்தால் அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. "மைக் நல்லது, எங்கட வீடுதான் சத்தம் கூட எண்டு அவருக்கு எழுதுறன்" என்றாள் மச்சாள்.

சோதினைக்கு மூன்று கிழமை இருக்க, ஒரு காலையில் கடல் பக்கமிருந்து ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. வரலாற்றில் கடைசி அத்தியாயம் பதிவாகிக்கொண்டிருந்தது. மச்சாள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கையில் என்னையும் மறு கையில் ரெக்கோடரையும் இழுத்துக்கொண்டு வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினாள். மேலே துவக்குச் சூட்டுச் சத்தம். அம்மா தேவாரத்தை முணுமுணுத்தாள். மச்சாள் வாசல் வெளிச்சத்தில் புத்தகத்தை விரித்து, பட்டனை அமத்தினாள். "அவங்கள் தங்கட வேலையைப் பாக்கட்டும். நாங்கள் எங்கட வேலையைப் பாப்பம்." விட்ட வரியிலிருந்து வாசித்தாள். உதடு மைக்கில் உரசியது எனக்குக் கேட்டது. பிறகு போட்டுப் பார்த்தபோது ஹெலி, காதுக்குப் பக்கத்தில் பறக்கும் ஒரு நுளம்பளவுக்குத்தான் இரைந்தது. அவள் குரல் எங்கும் நடுங்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, சோதினை எடுத்தேன், சித்தியடைந்தேன். பல்கலைக்கழகமும் போனேன். பெறுபேறு வந்த அன்று மச்சாள் பெரியப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று அதை மூன்று தரம் உரத்து வாசித்தாள். அதற்கு மைக் தேவைப்படவில்லை.

இப்போது அவள் அண்ணையோடு கனடாவில் இருக்கிறாள். நான் வாசிக்கும் புத்தகம் எல்லாவற்றையும் கேட்பாள், ஒன்றையும் மெச்சமாட்டாள். கொழும்பில் வாங்கிய மைக்கில் முதல் புத்தகத்தைப் பதிந்தபோது, பக்கத்துக் காணியில் மாடி கட்டச் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கோடு வாயை ஒட்டிக்கொண்டு வாசித்து முடித்தேன். அடுத்த கிழமை தொலைபேசி வந்தது.

"ஏழாம் அத்தியாயத்தில பின்னால என்னவோ நுளம்பு மாதிரி இரையுது. நிப்பாட்டிப்போட்டுப் பிறகு வாசிச்சிருக்கலாமே?"

"அண்டைக்கு நீங்கள் நிப்பாட்டினனீங்களோ, மச்சாள்?"

"அப்ப கிடக்கட்டும்" என்றாள்.