பெயர் மறைத்த கோப்பு

தன் தமிழைக் கேட்டு யாராவது ஆச்சரியப்பட்டால் வஜீஹாவுக்குப் பிடிக்காது. "அட, நீங்க உருது டீம் இல்லையா?" என்று புதிதாக வருகிற வாடிக்கையாளர் யாராவது கேட்டுவிடுவார். அவள் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் உருதும் தமிழும் கலந்துதான் பேச்சு. பி.காம். முடித்த கையோடு தி. நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டு செயலிகளையும் இணையதளங்களையும் இந்திய மொழிகளுக்குக் கொண்டுவருகிற நிறுவனம் அது. அடிக்கக் கொடுத்ததில் இருந்த கோளாறுகளை யாரும் கேட்காமலே சரிசெய்து கொடுத்தாள். அப்படியே மொழிபெயர்ப்பாளர் ஆனாள், பிறகு மற்றவர்களின் மொழிபெயர்ப்பைப் பார்த்து மதிப்பெண் போடுகிற மதிப்பீட்டாளரும் ஆனாள்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருமுறை பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்றில், "பயணத்தை ரத்துசெய்யவா?" என்ற கேள்விக்குக் கீழே "ரத்துசெய்", "சரி" என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. எதை அழுத்தினால் பயணம் ரத்தாகும் என்று யாருக்கும் புரியவில்லை. வஜீஹா அதை "ஆமாம், வேண்டாம்", "இல்லை, இருக்கட்டும்" என்று மாற்றினாள். அன்று முழுக்க அலுவலகம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அதிலிருந்து யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நாற்காலியை அவள் பக்கம் உருட்டிக்கொண்டு வருவார்கள். "அக்கா, இதுக்கு இன்னா போடலாம்?" அந்தக் கேள்விதான் அவளுக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஷ்ரேயா வந்த பிறகு நாற்காலிகள் வேறு பக்கம் உருண்டன.

ஷ்ரேயா மயிலாப்பூர்ப் பெண். அயர்லாந்து போய் இதே துறையில் முதுகலை படித்து, மொழிபெயர்ப்புப் பிழைகளை எப்படி அளப்பது என்று ஆராய்ச்சியும் செய்துவிட்டு வந்திருந்தாள். அந்தச் சமயத்தில் ஒரு வெளிநாட்டு மருத்துவ நிறுவனம் இந்த தி. நகர் நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பு வேலை கொடுக்க முன்வந்திருந்தது. ஆனால் சர்வதேசத் தரவிதிகளின்படிதான் எல்லாம் நடக்க வேண்டும் என்றது. யார் மொழிபெயர்த்தார், யார் சரிபார்த்தார், அவருக்கு என்ன தகுதி, என்ன பயிற்சி, எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும். பிழை என்றால் என்ன வகை, சிறியதா, பெரியதா, ஆபத்தானதா என்றும் குறிக்க வேண்டும். நிறுவனத்தை நடத்துகிற ஸ்ரீநாத் அந்தப் பொறுப்பை ஷ்ரேயாவிடம் கொடுத்தார்.

"இனிமே டவுட்டுன்னா ஷ்ரேயாகிட்ட கேளுங்க" என்று கூட்டத்தில் சொன்னவர், வஜீஹாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வஜீஹாகிட்டயும் கேக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த "உம்" அவள் காதிலேயே நின்றது.

ஷ்ரேயா அவளிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். எல்லோரையும் போல "அக்கா" என்றாள். வஜீஹாதான், தன்னைவிட இத்தனை சின்னவளை, "நீங்க", "வாங்க" என்று தள்ளி நிறுத்தினாள். பயிற்சி அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாள். ஷ்ரேயாவின் ஆராய்ச்சிக் கட்டுரையை இணையத்தில் தேடி எடுத்தாள். மோசமாக இருக்கும் என்ற நம்பிக்கையோடு படிக்க ஆரம்பித்தவள், நன்றாக இருந்ததால் பாதியில் மூடிவிட்டாள்.

ஒரு வகுப்பில் ஷ்ரேயா சொன்னாள்: "டயாலிசிஸுக்கு நேரம் வாங்கியிருக்கற ஒருத்தர்கிட்ட 'சிகிச்சையை ரத்துசெய்'னு ஒரு பட்டன் காட்டினா பயந்துடுவார். 'இந்த நேரம் வேண்டாம்'னு போடலாம். வார்த்தையை இல்ல, அவர் என்ன பண்ணப் போறார்ங்கறத மொழிபெயர்க்கணும்."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். வஜீஹா பேனாவை மூடி வைத்தாள். பேருந்துச் செயலியில் அவள் செய்தது இதுதானே? அவள் செய்தபோது அது வேடிக்கை. அயர்லாந்து சுற்றி வந்ததும் பாடமாகிவிட்டது.

அன்று வகுப்பில் திரையில் காட்டிய பாடப் பக்கங்களை ஒன்றுவிடாமல் திரும்பப் பார்த்து, கடைசியில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சே அதுதான். அவள் கணவன் தௌசீஃப் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். யாருடைய கண்ணாடியையோ மடியில் வைத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு அவ ஒண்ண விட்டுட்டா."

"இன்னாத்த விட்டுட்டா?"

"'தரக் கட்டுப்பாடு'ல ஒரு 'க்' இல்ல. தலைப்புலயே!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஒரு 'க்'குக்கா இவ்ளோ குஷியாக் கீற? அந்தப் பொண்ணு உன்ன இன்னா பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதான் கடுப்பா கீது."

புதிய விதிப்படி, சில கோப்புகள் மொழிபெயர்த்தவரின் பெயரை மறைத்து மதிப்பீட்டாளரிடம் வரும். ஆளைப் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது என்பதற்காக. அந்த மாதம் வஜீஹாவுக்கு வந்தது சிறுநீரக நோயாளிகளுக்கான செயலி. முதல் திரையிலேயே "இந்த நேரம் வேண்டாம்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அலுவலகத்தில் வழக்கமாக வரும் "செய்யவும்" எங்கும் இல்லை, எல்லாம் ஷ்ரேயா வகுப்பில் சொன்ன "செய்யுங்கள்". ஆள் கிடைக்காதபோது ஷ்ரேயாவும் மொழிபெயர்ப்பு செய்வதுண்டு. வஜீஹாவுக்குச் சந்தேகமே இல்லை. இது அவளுடையதுதான்.

அதற்குப் பிறகு அவள் படித்த விதமே மாறிப்போனது. "இந்த நேரம் வேண்டாம்" என்பதற்கு "மூலத்திலிருந்து விலகல், பெரிய பிழை" என்று போட்டாள். "கால் வீங்கினால்" என்றிருந்ததை "பேச்சு வழக்கு" என்று குறித்தாள். "இந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற வரியில் கை நின்றது. சாப்பிடும்போது மாத்திரை போட வேண்டும் என்று எல்லோருக்கும் புரியும். ஆனால் வேண்டுமென்றே பார்த்தால், மாத்திரையைச் சாப்பாட்டில் பிசைந்து சாப்பிடச் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளலாம். அவள் வேண்டுமென்றே பார்த்தாள். "ஆபத்தான பிழை" என்று குறித்தாள். அப்படி ஒன்று இருந்தாலே போதும், கோப்பு தேறாது.

அனுப்பிவிட்டு, பனகல் பார்க் பக்கம் போய் ஒரு கரும்புச்சாறு குடித்தாள். நெடுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

அடுத்த வாரம் அன்புச்செல்வி போன் செய்தாள். மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிற பெண். அவளை இந்த நிறுவனத்துக்குக் கூட்டிவந்ததே வஜீஹாதான்.

"அக்கா, என்னை டிரான்ஸ்லேட்டர் பேனல்லேர்ந்து எடுத்துட்டாங்க." குரல் கம்மியிருந்தது. "அந்த கிட்னி ஆப்புல பெயிலாம். யாரு பாத்தாங்கன்னு சொல்ல மாட்டாங்களாம். சாப்பாட்டோடன்னு எழுதினது அவ்ளோ பெரிய தப்பாக்கா?"

அப்படியானால் அந்தக் கோப்பு ஷ்ரேயாவுடையது இல்லை, இவளுடையது.

"'இந்த நேரம் வேண்டாம்'கூட தப்புன்னு போட்டிருக்காங்க. ஷ்ரேயா மேடம் ஆன்லைன் கிளாஸ்ல அவங்களே சொன்னாங்கக்கா. அந்த மாதிரி யாருமே எனக்கு இதுவரைக்கும் சொல்லித் தந்ததில்ல. ரொம்ப ஆசையா, அப்படியே பாத்துப் பாத்து எழுதினேன்."

ஷ்ரேயாவுக்குப் போட்ட அடி யார்மேல் விழுந்திருக்கிறது என்று வஜீஹாவுக்கு உறைத்தது. அதற்கு நடுவிலும், "யாருமே சொல்லித் தந்ததில்ல" என்ற சொல் தனியாக ஒரு முள்ளாகக் குத்தியது. நான் சொல்லித் தந்ததெல்லாம் எங்கே போனது? அந்த நேரத்திலும் இப்படி நினைக்க முடிகிறதே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. "நான் கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். தீர்ப்பை எதிர்த்து அன்புச்செல்வியே மேல்முறையீடு செய்யலாம், விதியில் இடம் இருக்கிறது, அவளாகச் செய்துகொள்வாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பயந்த சுபாவமுள்ள அன்புச்செல்வி செய்ய மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலை பயிற்சி அறைக்குப் போனாள். ஷ்ரேயா அம்மாவோடு போனில் இருந்தாள். "சரிம்மா, சாயங்காலம் ஆத்துக்கு வந்து பேசறேன், நீ எதுவும் சொல்லிண்டு இருக்காதே" என்று வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்தக் கிட்னி கோப்பு" என்றாள் வஜீஹா. "நான் போட்ட மார்க் தப்பு. திரும்பப் பாக்கணும்."

ஷ்ரேயாவின் முகம் தெளிந்தது. "எனக்கும் டவுட் இருந்ததுக்கா. அந்த ஆபத்தான பிழையை நானா இருந்தா பிழைன்னே போட்டிருக்க மாட்டேன். ஆனா நீங்க போட்டிருக்கேளே, நமக்குத்தான் தெரியலன்னு நினைச்சுண்டேன். உங்க மார்க்கை வெச்சு அடுத்த கிளாஸுக்குப் பாடமே எழுதிட்டேன்."

கணினியைத் திருப்பிக் காட்டினாள். "மருந்து வாசகங்களில் கவனம்" என்ற தலைப்பு. கீழே அன்புச்செல்வியின் வரி. பக்கத்தில் வஜீஹாவின் குறிப்பு, எழுத்துக்கு எழுத்து அப்படியே. பொறாமையில் போட்ட ஒரு கோடு, இனி வருகிறவர்களுக்கெல்லாம் விதியாகப் போகிறது.

வஜீஹா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அது உன்னோடதுன்னு நெனச்சேன்."

முதல்முறையாக "நீ" வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. ஷ்ரேயா கவனித்தாள்.

"என்னோடதா இருந்திருந்தா, இப்போ வந்து சொல்லியிருப்பேளா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியல" என்றாள் வஜீஹா.

ஷ்ரேயா கண்களைத் துடைத்துக்கொண்டது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. "சரி. ஸ்ரீநாத் சார்கிட்ட நாம ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லலாம்" என்று எழுந்தாள்.

வெளியிலிருந்து மூன்றாவது ஆள் ஒருவர் அந்தக் கோப்பைப் பார்த்தார். தேறியது என்று மட்டுமல்ல, நன்றாக இருக்கிறது என்றும் எழுதினார். அன்புச்செல்வி திரும்பச் சேர்க்கப்பட்டாள். வஜீஹாவை மதிப்பீட்டு வேலையிலிருந்து சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். விதிப்படி, அவள் மறுபயிற்சிக்குப் போக வேண்டும். அதாவது ஷ்ரேயாவின் வகுப்பில், கல்லூரி முடித்த பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

உட்கார்ந்தாள். முதல் நாள் பாடம், செயலியில் பயனரின் பெயர் தானாக வந்து உட்காருகிற வெற்றிடங்களைப் பற்றியது. ஆங்கிலத்தில் ஒரு பெயரை அப்படியே செருகிவிடலாம். தமிழில் "க்கு" சேர்த்தால் "ஷகீலா-க்கு" என்று இளித்துக்கொண்டு நிற்கும். வாக்கியத்தையே புரட்டி, "பெறுபவர்: ஷகீலா" என்று போட வேண்டும் என்றாள் ஷ்ரேயா. இத்தனை வருஷமாக வஜீஹா கையால் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்ததற்கு ஒரே வரியில் வழி. கரும்பலகையை முறைத்துப் பார்த்தபடி, கெட்டிக்காரிதான் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதால் பொறாமை குறையவில்லை. இன்னும் கூடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேற்கு மாம்பலம் போய் அன்புச்செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் செய்துகொண்டிருந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில், "நான் தமிழே மறந்துட்டேனோன்னு நெனச்சேன்க்கா" என்றாள். காபி கொடுத்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அதற்குப் பிறகும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் சந்தேகங்களை ஷ்ரேயாவிடம் கேட்டாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஷ்ரேயா தயங்கித் தயங்கி அவள் மேசைக்கு வந்தாள். அடையாறில் ஒரு ஆய்வு நிறுவனம் கருத்தரங்கு நடத்துகிறது. பெயரை மறைத்தாலும் மதிப்பீட்டாளர் நடையை வைத்து ஆளை ஊகித்துவிடுகிறார், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும்.

"நம்ம விஷயத்தை உதாரணமாச் சொல்லலாமாக்கா? பேரெல்லாம் வராது. 'ஒரு மதிப்பீட்டாளர்'னுதான் போடுவேன்."

வஜீஹாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. தப்பு செய்தது அவள், வகுப்பில் கூனிக்குறுகி உட்கார்ந்தது அவள். கட்டுரை மட்டும் ஷ்ரேயாவுக்கா?

"சொல்லிக்கோ. ஆனா கட்டுரையில என் பேரையும் போடு. நானும் எழுதறேன்."

"பேர் போட்டா, அந்த மதிப்பீட்டாளர் நீங்கதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே!"

"தெரியட்டும். எப்படி ஊகிச்சேன், எந்த வரியில கை நின்னுச்சு, எதுக்கு எதைப் போட்டேன், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் தெரியும்."

ஷ்ரேயா ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். எழுதும்போது இரண்டு முறை சண்டை வந்தது. "பொறாமை" என்ற சொல்லை ஷ்ரேயா "முன்சார்பு" என்று மாற்றினாள். வஜீஹா திரும்பவும் "பொறாமை" என்றே மாற்றினாள்.

கருத்தரங்கு அன்று நிகழ்ச்சி நிரலை இரண்டு மொழியிலும் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் அகர வரிசைப்படி ஷ்ரேயாவின் பெயர் முதலில் இருந்தது. வஜீஹாவுக்குச் சுருக்கென்றது. தாளைத் திருப்பினாள். தமிழ் வரிசையில் "வ"வுக்கு அப்புறம்தான் "ஷ" வரும். அங்கே வஜீஹா முதலில், ஷ்ரேயா இரண்டாவது.

பக்கத்தில் ஷ்ரேயாவும் தாளைத் திருப்பினாள். அவள் பார்வை அந்த வரியில் ஒரு கணம் தங்கியது. உதடு லேசாக இறுகி, உடனே சரியானது. வஜீஹாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்த முகம்.

"பரவால்ல, விடு" என்றாள்.

"நான் என்ன சொன்னேன் இப்போ?" என்றாள் ஷ்ரேயா வெடுக்கென்று. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேடையில் அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். யார் முதலில் பேசுவது என்று அதுவரை இருவரும் தீர்மானித்திருக்கவில்லை.