சைக்கிளில் பஸ் ஹாரன்

1. சட்டைக் கை கிழிந்த காலை

பேரணாம்பட்டு ரோட்டில் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த தோல் லாரி என்னைத் தாண்டும்போது, தார்ப்பாய் கட்டுகிற கொக்கி ஒன்று என் வலது சட்டைக் கையில் மாட்டிக்கொண்டது. ஏழெட்டு அடி என்னை இழுத்துக்கொண்டு போனது. பிறகு துணி கிழிந்தது. புதுச் சட்டையாக இருந்திருந்தால் கிழிந்திருக்காது, இதை எழுத நானும் இருந்திருக்க மாட்டேன்.

ஓரத்து ஜல்லியில் விழுந்து எழுந்தபோது லாரி வெகுதூரம் போய்விட்டிருந்தது. விழுவதற்கு முன் கட்டைவிரல் வலிக்க வலிக்க பெல் அடித்தேன். அந்தச் சத்தம் லாரி இன்ஜின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. டிரைவருக்கு எங்கே கேட்கப்போகிறது?

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தொரு வருடம் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்து இப்போதுதான் வெளியே வந்தேன். தையல் மெஷின் மோட்டார், கம்ப்ரசர், கன்வேயர் என்று எத்தனையோ ரிப்பேர் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரிகல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். நான் ரிப்பேர் பார்த்த எதைப் பற்றியும் எழுதப் போவதில்லை. நானே செய்த ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். அது ஒரு நாள்கூட ரிப்பேர் ஆகவில்லை. வினை வந்ததே அதனால்தான்.

2. நான்தான் சார் பஸ்ஸு

அந்த வாரமே கம்பெனி பஸ்ஸில் ஹாரன் மாற்றினார்கள். பழையது ஸ்கிராப்புக்கு வந்தது. பிரித்துப் பார்த்தேன். அதிர்ந்து சத்தம் போடுகிற டயாபிராம் தகடு நன்றாகத்தான் இருந்தது, உள்ளே கரன்ட் தொடுகிற பாயின்ட் மட்டும் கருகியிருந்தது. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்ததும் ஷெட்டே அதிரும்படி கத்தியது. வருகை பதிகிற பஞ்ச் மெஷின் யூ.பி.எஸ்.ஸில் கழற்றிப் போட்ட பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டு இருந்தன. பஸ் ஹாரனுக்கு இருபத்துநாலு வோல்ட் வேண்டும் என்பதால் இரண்டையும் சீரீஸில் கோத்து ஒரு ஷூ பெட்டிக்குள் வைத்துக் கேரியரில் கட்டினேன். ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், ஹேண்டில்பாரில் ஒரு புஷ் பட்டன். எல்லாவற்றுக்கும் கேட் பாஸ் வாங்கித்தான் வெளியே எடுத்துப் போனேன். அதில் நான் கறார்.

மறுநாள் முதல் ஆளாக மாட்டியவர் எங்கள் பர்சனல் ஆபீசர் அன்வர் சார். ஸ்கூட்டரில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு அழுத்து அழுத்தினேன். மனிதர் பதறி மண்ணில் இறங்கி நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தால் வழுக்கைத் தலையோடு சைக்கிளில் நான்.

"இன்னா சண்முகம், பஸ்ஸு எங்க?"

"நான்தான் சார் பஸ்ஸு."

கம்பெனி முழுக்க அன்று அதுதான் பேச்சு. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. அதுவரை ரோட்டோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணில் ஓட்டிக்கொண்டிருந்தவன், தாருக்கு ஏறி ஓட்ட ஆரம்பித்தேன். கார்க்காரன்கூட ஒதுங்கினான். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி ஒரு மரியாதை ரோட்டில் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

பத்து நாள் கழித்து தேவகி வந்து நின்றாள். குளோசிங் செக்‌ஷனில் மேல்தோல் தைக்கிற ஆபரேட்டர். நாற்பது வயது இருக்கும். அவள் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்கிறது, அதனால் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான். கம்பெனி பஸ் அவள் ஊருக்குள் வராது. என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாள், அதே ரோட்டில்தான் சைக்கிளில் வருவாள்.

"அண்ணா, எனக்கும் ஒண்ணு செஞ்சி குடுண்ணா. நேத்து ஒரு வேன்காரன் கண்ணாடியால தோள்ல இடிச்சிட்டு நிக்காம போய்ட்டான். இன்னிக்கு மெஷின்ல உக்காந்தா தையல் கோணிக்கினு போவுது."

கடையில் அதே குரலில் பன்னிரண்டு வோல்ட் ஹாரன் கிடைத்தது. ஒரு பேட்டரி போதும் என்பதால் எடையும் கம்மி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து கொடுத்தேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே அவளை ஓட்டவிட்டுப் பாடமும் நடத்தினேன்.

"பயம் வந்தா அழுத்து. எதிராளி வெலகுற வரிக்கும் கையை எடுக்காத."

"எடுத்தா இன்னாண்ணா ஆவும்?"

"எடுத்தா நீ போய்ட்டன்னு நெனச்சிப்பான். விடாம அழுத்து."

இந்த வார்த்தைகளை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

3. கானாற்றுப் பாலம்

எங்கள் ரோட்டில் கானாற்றின் மேல் ஒரு சின்னப் பாலம் உண்டு. இடுப்பளவு கைப்பிடிச் சுவர். பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை. அன்று காலை ஒரு லாரி தோல் லோடு ஏற்றிக்கொண்டு, அந்த வேகத்தடையில் முதல் கியரில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. நடு ரோட்டில் போனது. இடது பக்கம் நாலடி இடம் இருந்தது.

சைக்கிள்காரர்கள் அப்படி இடம் கிடைத்தால் நிற்க மாட்டோம். எட்டரைக்கு கேட் மூடுவார்கள். தினமும் செய்கிறதுதான், ஊர்கிற லாரிக்கு இடது பக்கமாகப் புகுந்து முன்னால் போய்விடுவோம். அன்றும் இரண்டு பேர் புகுந்து போய்விட்டார்கள். மூன்றாவதாக தேவகி நுழைந்தாள். நான் லாரிக்குப் பின்னால் நாற்பதடி தூரத்தில் வந்துகொண்டிருந்தேன்.

அவள் லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போகும்போது லாரி வேகத்தடையைத் தாண்டிவிட்டது. இரண்டும் சேர்ந்தே பாலத்தில் ஏறின. இனி அவளுக்கு இடது பக்கம் சுவர், வலது பக்கம் லாரி. பிரேக் போட்டுப் பின்வாங்கியிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அவளிடம்தான் ஹாரன் இருக்கிறதே. பயந்தாள், அழுத்தினாள்.

லாரி இடது பக்கம் சாய்ந்து வந்தது.

அவள் இன்னும் அழுத்தினாள். லாரி இன்னும் கிட்டே வந்தது. நாலடி இடம் மூன்றடி ஆனது. டிரைவர் தூங்குகிறானா, குடித்திருக்கிறானா என்று நினைத்தேன். அவனை உலுக்கி எழுப்ப என் கையும் தானாக என் பட்டனுக்குப் போனது. நானும் அழுத்தினேன்.

இரண்டு ஹாரனும் சேர்ந்து கத்தியதும் லாரி சட்டென்று இன்னும் ஓரடி இடது பக்கம் நகர்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரைவர் தூங்கவில்லை. நன்றாக முழித்துக்கொண்டுதான் இருந்தார். லோடு வண்டிக்குப் பின்னால் பஸ் விடாமல் ஹாரன் அடித்தால், இடது பக்கம் ஒதுங்கி சைடு கொடுப்பது எங்கள் ரோட்டில் நல்ல டிரைவர்களின் வழக்கம். அவர் காதில் விழுந்தது பஸ். பஸ் வலது பக்கமாகத் தாண்டும் என்று அவர் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் அடிக்க அடிக்க, இன்னும் இடம் கேட்கிறான் என்று இன்னும் ஒதுங்கினார். அன்று கிளீனர் வரவில்லை, இடது பக்கம் எட்டிப் பார்க்க வண்டியில் ஆளில்லை.

பட்டனை விட்டேன். "தேவகி, கையை எடு, கையை எடு" என்று கத்தினேன். அந்த ஹாரனில் அவளுக்கு எப்படிக் கேட்கும்? நான் செய்த ஹாரன் ஆயிற்றே, இடி விழுந்தாலும் கேட்காது.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, கிளீனர்கள் தட்டுகிற மாதிரி உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். நிறுத்தச் சொல்லி "ஓல்டேன், ஓல்டேன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பின்பலகை அதிர்ந்தால் நிறுத்த வேண்டும் என்பது எந்த லாரி டிரைவருக்கும் காலில் ஊறிய பழக்கம். யார் தட்டுகிறார்கள் என்று யோசிக்காமல் பிரேக் போட்டார்.

லாரி நின்றது. ஹாரன் நிற்கவில்லை.

இடுக்கில் எட்டிப் பார்த்தேன். சைக்கிள் நசுங்கிச் சுவரோடு ஒட்டியிருந்தது. தேவகி அதன் மேல் சாய்ந்து கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். அவள் இடது பாதம் பெடலுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியிருந்தது. கட்டைவிரல் மட்டும் பட்டன் மேல் இருந்தது. எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. கையை நுழைத்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன்.

டிரைவர் இறங்கி ஓடி வந்தார். அவளைப் பார்த்துவிட்டு, ரோட்டின் பின்பக்கம் பார்த்தார்.

"பின்னால பஸ்ஸு அட்ச்சிக்கினே வந்தான்பா. அதான் சைடு குடுத்தேன். எங்கப்பா பஸ்ஸு?"

அதே கேள்விக்கு ஒரு நாள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவன் நான். அன்று குனிந்து அவள் பாதத்தைப் பெடலிலிருந்து விடுவிக்கப் பார்த்தேன்.

4. நாலு நாள்

கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றதும் கம்பெனியில் எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள். "உன் ஹாரன் மட்டும் இல்லன்னா அந்தப் பொண்ணு அங்கியே போய்ட்டிருக்கும்" என்றார்கள். டிரைவர் மேல் கேஸ் போட்டார்கள், வண்டி ஸ்டேஷனில் நின்றது.

அன்வர் சார் கூப்பிட்டனுப்பினார்.

"சேஃப்டி கமிட்டில பேசிட்டேன் சண்முகம். சைக்கிள்ல வர்ற லேடீஸ் அத்தினி பேருக்கும் போட்டுடலாம். ஹாரன் வந்துடும், ஃபிட்டிங் நீயே பண்ணிடு."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் என் பெயர் போய்விடும் என்கிற பயம் ஒரு பக்கம். தேவகிக்கு நானே இதைச் செய்தேன் என்று ஒத்துக்கொள்ள முடியாத வலி இன்னொரு பக்கம். நாலு நாள் ஒன்றும் பேசாமல் ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அட்டைப் பெட்டியில் ஹாரன்கள் வந்து இறங்கின. ஒன்றை எடுத்து டேபிளில் வைத்து ஒயர் மாட்டினேன். டெஸ்ட் பண்ண பட்டனை அழுத்த வேண்டும். விரல் போகவில்லை. பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு அன்வர் சார் ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இத்த ஸ்டேஷன்லயும் சொல்லணுமே சண்முகம். டிரைவரும் புள்ளகுட்டிக்காரன் இல்ல?"

"சொல்றேன் சார்."

ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது சுலபமாகத்தான் இருந்தது. அங்கிருந்து தேவகியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் கஷ்டம். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன். லாரியை அவள் மேல் கூப்பிட்டது அந்த ஹாரன்தான் என்றேன். நானும் சேர்ந்து அழுத்தினேன் என்பதையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன்.

"எனக்கு அப்பவே தெரிஞ்சிச்சுண்ணா" என்றாள். "அழுத்த அழுத்த வண்டி கிட்ட வர்றது கண்ணுக்குத் தெரியுதே. கையை எடுத்துடலாமான்னு நெனச்சேன். ஆனா நீதானே விடாதன்னு சொல்லியிருந்த. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடும்னு அழுத்திக்கினே இருந்தேன்."

முப்பத்தொரு வருட சர்வீஸில் என்னை யாரும் இதைவிடப் பெரிதாக நம்பியதில்லை. ஸ்டூலை விட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

ஐந்து மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். மெஷின் பெடலுக்கு வலது கால் போதும், அது பிழைத்தது. நடையில் மட்டும் ஒரு இழுப்பு தங்கிவிட்டது. சைக்கிளும் ஓட்டுகிறாள். ஹாரன் வேண்டும் என்று மறுபடி என்னிடமே கேட்டாள். அது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, சத்தமில்லாத சைக்கிளை அந்த ரோட்டில் எவனும் மதிக்க மாட்டான். இந்த முறை ஸ்கூட்டர் ஹாரனைவிடக் கீச்சென்று கத்துகிற ஒன்றைத் தேடினேன். நின்றிருந்த ஒரு லாரியின் கேபினில் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் இடது பக்கம் அவளை நிற்க வைத்து அழுத்தச் சொன்னேன். சின்ன வண்டி ஒன்று இடது பக்கம் இருக்கிறது என்று காது சொல்லும் வரை மூன்று ஹாரன் மாற்றினேன். முதல் ஹாரனை நான் ஒரு தடவைகூட டிரைவர் சீட்டிலிருந்து கேட்டதில்லை. என் காதில் மட்டும் கேட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை. நீங்கள் செய்து கொடுப்பதை வாங்கிக்கொள்கிறவர்கள், ஆபத்தான நேரத்தில் தங்கள் கண்ணை விட்டுவிட்டு உங்கள் பேச்சைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எப்போது அழுத்த வேண்டும் என்பதைப் பிறகு சொல்லலாம். எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள்.