கோழிக்கும் தையல் போட்டோம்

அறுவை சிகிச்சைத் தொழிலில் எல்லாவற்றுக்கும் பாடம் இருக்கிறது, முதல் தையலை யார் உடம்பில் போடுவது என்பதற்கு மட்டும் கிடையாது. "எல்லாரும் நோயாளி மேலதான் கத்துக்கினோம்" என்பார் எங்கள் சீனியர். எந்த நோயாளி? கல்வராயன் மலையிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறார்களே, அவர்கள். ஊர்ப் பெரிய மனுஷன் கையிலா கற்றுக்கொண்டார்? என் முதல் தையல் அப்படி விழக் கூடாது என்று சபதம் போட்டேன். ஹவுஸ் சர்ஜனாக அல்லாடும் சக பாவப்பட்டவர்களே, அந்தச் சபதம் பட்ட பாடு இது.

பூட்டுக்குள் ஒரு கை

தையல் பழக ரப்பர் கை ஒன்று கல்லூரியில் இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள், பிரிக்காத பாலிதீன் உறையோடு. சாவி ஸ்டோர்கீப்பர் அண்ணனிடம். தைக்கத்தானே வாங்கினார்கள் என்று அரைமணி நேரம் வாதாடினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தச்சா கிழிஞ்சிடும்மா. அப்பறம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்களுக்கு இன்னாத்த காட்றது?"

ஜன்னல் கம்பி

ஸ்பாஞ்சின் மேல் பழைய சோபா ரெக்சினை ஒட்டி, பிளேடால் கீறி, நானே ஒரு தோல் செய்துகொண்டேன். முடிச்சு பழக அதுகூட வேண்டாம், நூலும் கம்பியும் போதும். திருக்கோவிலூர் பஸ்ஸில் ஜன்னல் கம்பி நிறைய முடிச்சு போட்டுக்கொண்டே போனேன். ரிஷிவந்தியத்தில் ஏறிய அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். வேண்டுதல் என்று நினைத்துவிட்டார். காதருகே குனிந்து சொன்னார்: "கண்ணாலம் தள்ளிப் போவுதா பாப்பா? இவ்ளோ முடிச்சு போட்டும் சாமி கேக்கலன்னா கோயில மாத்திப் பாரு."

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு

என்ன இருந்தாலும் ரெக்சின் தோலாகுமா? தோலோடு கோழித்தொடை வாங்கி, களமருதூரில் எங்கள் வீட்டில் கீறித் தைத்து பிரிட்ஜில் வைத்தேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வருவதற்குள் அம்மா அதைக் குழம்பாக்கியிருந்தார். சித்தப்பா பல்லிடுக்கிலிருந்து கறுப்பு நைலான் நூலை இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. நடுவில் அறாத தொடர்தையல், எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று நான் விளக்கியதை யாரும் கேட்கவில்லை. சித்தப்பா நூலைத் தூக்கிக் காட்டினார்: "ஏம்மா டாக்டரு, தச்சியே, கோழி எழுந்து நடக்கும்னு பார்த்தியா?"

நிஜக் கை

மரவள்ளி வெட்டும்போது கொடுவாள் பட்டு, முன்கை பிளந்து வந்தார் ஒரு மலைக்கார அம்மா. சீனியர் ஊசியை நீட்டியது பிரபுவிடம். என்னோடு படித்தவன்தான், ஒரு முடிச்சுகூடப் போட்டுப் பழகாதவன்.

"மொதல்ல இந்தத் துணியில ஒண்ணு போட்டுக் காட்டட்டும் சார்" என்றேன்.

"அப்ப நீயே போடு. கோணலா வந்துச்சு, அதோட உன் பேச்ச நிறுத்திக்கணும்."

மரத்துப்போக ஊசி போட்டேன். தையல் ஒவ்வொன்றும் சீராக விழுந்தது. கை அதன் வேலையைப் பார்த்தது, வாய்தான் நிற்கவில்லை. மலைக்காரர்கள் உடம்பு என்ன பயிற்சிப் பலகையா என்று கடைசி முடிச்சு வரை சீனியரிடம் வழக்காடினேன். அவர் குனிந்து தையலையே பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அம்மாவும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைய நல்லா தச்சிட்ட பாப்பா. அப்பிடியே வாய்க்கும் ரெண்டு போட்டுக்கோ. பாவம், அவரும் பேசட்டும்."

நானே செய்துகொண்ட மலிவுப் பயிற்சியில் குறை ஒன்றே ஒன்றுதான்: அதில் தையல் வாங்கிய எதுவும் பதில் பேசியதில்லை.