செருப்பைக் கவ்வாத கறுப்பி

மகளின் போனில் அந்தப் பழைய பிஸ்கட் விளம்பரம் ஓடியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எஜமானின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடிவரும் அந்த வெள்ளை நாயைப் பார்த்துத்தான், சின்ன வயதில் கீழப்பழுவூரில் எங்கள் நாய் கறுப்பிக்கு நாள் தவறாமல் செருப்பை வீசி வீசிப் பழக்கினேன். அதுவோ வாலை ஆட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். இன்று சிமெண்ட் லாரிகள் போகும் அகலச் சாலைக்கு அடியில் மறைந்துவிட்ட அந்தப் புளியமரத்து பஸ் ஸ்டாப்புக்கு, ஒருநாள் கறுப்பி சொறியும் புழுதியுமாய் என் பின்னாலேயே வந்துவிட்டது.

"உங்க வூட்டு நாயாடி?" என்றாள், என்னோடு அரியலூர் பள்ளிக்கு வரும் டாக்டர் மகள்.

"ச்சீ, இல்லடி" என்று கல்லை எடுத்து எறிந்தேன்.

விலாவில் பட்டுத் தெறித்த அந்தக் கல்லை, கறுப்பி ஓடிப்போய்க் கவ்விவந்து என் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது.