நாலடி இடைவெளி

வீடு கட்டிக் கொடுக்கிற உத்தியோகத்தில் உள்ள ஒரே சுகம், சாவி வாங்க வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு வருவார்கள் என்பது; மண் சரிந்த இடத்தில் கட்டுகிறவனுக்கு அதுவும் கிடையாது. நான் அரசாங்கத்தில் வீடு கட்டும் பிரிவில் ஓவர்சியராக இருந்தேன். குன்னூரில் குவார்ட்டர்ஸ், எமரால்டு பக்கம் வேலை. நாங்கள் கட்டிய வீடுகளில் குடியிருந்த யாராவது இதைப் படித்தால், மழைக்காலத்தில் கூரைக்குக் கீழே குண்டான் வைத்த ஞாபகம் வரும். என் மேல் கோபப்பட வேண்டாம். என் குவார்ட்டர்ஸையும் நாங்கள்தான் கட்டினோம். நானும் குண்டான் வைத்தவன்தான்.

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு லயத்தைப் பற்றி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற நீளமான கட்டடத்துக்கு லயம் என்று பெயர். மேலே ஒரே தகரக் கூரை. உள்ளே குறுக்குச் சுவர் வைத்துப் பிரித்த அறைகள். அறையைக் காம்பரா என்பார்கள். அந்த வருஷம் ஐப்பசி மழையில் சரிந்தது பெரிய சரிவு அல்ல. பன்னிரண்டு காம்பரா லயத்தில் கடைசிக் காம்பரா மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடைக்குள் போயிற்று. பத்திரிகையில் நாலு வரி வந்தது. உள்ளே இருந்தது இரண்டு பேர்: லூர்து என்ற பெண்ணும் பள்ளிக்கூடம் போகிற அவள் மகளும். புருஷன் ஆரோக்கியம் அந்த நேரம் ஃபாக்டரியில் ராத்திரி ஷிப்டில் இலை வாட்டிக்கொண்டிருந்தார். மழை நிற்காததால் தோண்டுவதைப் பாதியில் விட்டார்கள். இரண்டு பேரும் கிடைக்கவில்லை. மிச்சக் காம்பராக்களும் நிற்காது என்று எல்லாரையும் காலி செய்யச் சொல்லி, வேறு மேட்டில் வீடு கட்ட என்னை அனுப்பினார்கள்.

பெஞ்சைத் தட்டியவர்

லயத்து ஜனங்களைப் பள்ளிக்கூட ஹாலில் தங்க வைத்திருந்தார்கள். நான் முதலில் போன காலையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஒவ்வொரு பெஞ்சாகக் கைமுட்டியால் தட்டிக்கொண்டு வந்தார். பெயர் புஷ்பம். சிலோன் தோட்டத்தில் பிறந்து, கப்பலில் திரும்பி வந்தவர். லயத்தில் ஆரோக்கியம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

லயத்து வழக்கம் அது. விடிவதற்கு முன் முதலில் எழுந்தவர் பக்கத்துச் சுவரைத் தட்டுவார். அங்கிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வந்தால் எழுந்தாயிற்று என்று அர்த்தம். அவர் அடுத்த சுவரைத் தட்டுவார். இப்படியே லயம் முழுக்க எழும். அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு யாரும் பிந்திப் போய்த் திட்டு வாங்குவதில்லை. ஹாலில் குறுக்குச் சுவர் இல்லாததால் புஷ்பம் பெஞ்சைத் தட்டினார். கரும்பலகைக்குக் கீழே கடைசி பெஞ்சில் ஒரு மனிதர் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். அவர்தான் ஆரோக்கியம். முந்தின வாரம் ஓடையில் இறங்கப் போனவரை நாலு பேர் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசுவதில்லை. புஷ்பம் தட்டினார், நின்றார், மறுபடி தட்டினார். வெகுநேரம் கழித்து ஒரு விரல் பெஞ்சின் மேல் லேசாகத் தட்டியது. புஷ்பம் என் பக்கம் திரும்பினார்.

"என்னா தொரை பாக்குறீங்க? இந்தாளு பதில் தட்டுற வரைக்கும் நான் நகர மாட்டேன். வேலைக்குப் பிந்தினா பிந்திட்டுப் போவுது."

கோபித்துக்கொண்ட வீடுகள்

புது இடத்தில் வரைபடத்தை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, தனிச் சுவர். வீட்டுக்கு வீடு நாலடி இடைவெளி. 'காற்றுக்கும் வெளிச்சத்துக்கும்' என்று ஓரத்தில் நானே எழுதியிருந்தேன். பார்த்தவர்களில் ஒருவர், "நாலடியில கோழி வளக்கலாங்களா?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது.

புஷ்பம் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு வீட்டை மட்டுமாவது சேர்த்துக் கட்ட முடியுமா என்று கேட்டார். "அந்த மனுசன் ஒத்தையாப் படுத்துக் கெடப்பாரு ஐயா. என்னா பண்றாருன்னு யாருக்குத் தெரியும்? நடுச்சுவரு ஒண்ணு இருந்தா இருமினாக்கூட கேக்கும்." இது மெட்ராஸில் ஒப்புதல் ஆன டிசைன், ஓவர்சியரால் ஓர் அங்குலம்கூட மாற்ற முடியாது என்று விளக்கினேன். இரண்டு தடவை விளக்கினேன். அவர் நிமிர்ந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"ஏங்கையா, வீட்டுக்கு வீடு அப்படி என்னா கோவம்?"

கடைசிச் சுவர்

பழைய லயத்தை இடிக்காமல் விட்டால் ஜனங்கள் திரும்பப் போய்க் குடியேறிவிடுவார்கள் என்று இடிக்கச் சொல்லி உத்தரவு. காரமடைக்காரர் பழனியப்பன்தான் மேஸ்திரி. அவருடைய ஆட்கள் ஒரு கோடியிலிருந்து இடித்துக்கொண்டு வந்து கடைசிச் சுவருக்கு வந்தார்கள். அதன் ஒரு பக்கம் புஷ்பத்தின் காம்பராவாக இருந்தது. மறுபக்கம் ஆகாயம். அந்தப் பக்கத்தில் நீலச் சுண்ணாம்பும், அடுப்புப் புகைக் கறையும், மாதா படம் மாட்டியிருந்த ஆணியும் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

கொழுந்துக் கூடையோடு அந்த வழியாக வந்த புஷ்பம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு விடியறதுக்கு முந்தியே கல்லு உருள்ற சத்தம் கேட்டுச்சு. தகரத்து மேல மழை, கத்தினா கேக்காது. அதனால தட்டினேன். லூர்து பதில் தட்டினா. சரி, எந்திரிச்சுட்டா, புள்ளையக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துருவான்னு நான் எம் மவனை இழுத்துக்கிட்டு ஓடிட்டேன்." கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு கொஞ்சம் நின்றார். "தெனமும் எழுப்புற தட்டுன்னு நெனச்சிருப்பா. அடுப்புப் பத்த வைக்கப் போயிருப்பா."

அவர் போனபிறகும் சுவர் நின்றது. என்னய்யா பார்க்கிறாய், இடி என்று பழனியப்பனை அதட்டினேன்.

"ஏனுங்க, நீங்க வேணும்னா சிரிங்க. அந்தம்மா தட்டுனதுக்கு அந்தப் பக்கமிருந்து பதிலு வருமாட்டிருக்குதுன்னு நானும் கடப்பாறையைக் கீழ போட்டுட்டு நின்னுட்டனுங்க."

எத்தனை பேர்

தனி ஆளுக்கு வீடு இல்லை என்பது விதி. ஆரோக்கியத்தைக் கல்யாணமாகாத பையன்கள் தங்குகிற கொட்டகைக்கு அனுப்புவார்கள் என்று பேச்சாக இருந்தது. கொட்டகை ஓடையை ஒட்டி இருந்தது. புஷ்பம் பத்து நாளாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டது, அவருக்கும் வீடு உண்டா என்ற அந்த ஒன்றைத்தான்.

அசிஸ்டென்ட் இன்ஜினீயர் வந்து தார்ப்பாய்க்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்தார். சிடுசிடுப்பான மனிதர், மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாதவர். ஒவ்வொருவராக வந்து குடும்பத்தில் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆரோக்கியத்தின் முறை வந்தது. எத்தனை பேர் என்றார் இன்ஜினீயர்.

"மூணு பேருங்க."

இத்தனை நாளில் அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்ஜினீயர் என்னைப் பார்த்தார். நான் சிமென்ட் மூட்டைகளைப் பார்த்தேன். இறந்தவர்கள் பெயர் எழுதிய தாள் அவர் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. அவர் முழங்கையை எடுக்கவில்லை. மூன்று என்று எழுதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த ஆள் என்றார். அன்றிலிருந்து அந்த மனிதர் எத்தனை சிடுசிடுத்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை.

மேஜையைத் தாண்டி வந்ததும் புஷ்பம் என் காதருகே குனிந்து சொன்னார்: "பொய்யின்னு எழுதிப்புடாதீங்க தொரை. மூணு பேரும் இங்கனதானே இருக்காங்க."

குலுக்கல்

வீடுகளைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். யாரும் சிபாரிசு என்று வாய் திறக்கக் கூடாது என்பதற்காக. அண்டாவில் சீட்டுப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லி, எல்லாம் முறைப்படி நடந்தது. புஷ்பத்துக்கு ஒரு கோடி, ஆரோக்கியத்துக்கு மறுகோடி. புஷ்பம் சாவியை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

அடுத்த வாரம் கதவுகளில் நம்பர் எழுதப் போனேன். எந்த வீட்டிலும் சீட்டில் வந்த ஆள் இல்லை. பழைய லயத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்களோ அதே வரிசையில் எல்லாரும் குடியேறியிருந்தார்கள். கடைசி வீட்டில் ஆரோக்கியம். அதற்கு முந்தின வீட்டில் புஷ்பம். சாவிகளைத் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சண்டைகூட வரவில்லையாம். அப்படியானால் குலுக்கல் எதற்கு என்று கோழி வளர்க்கிற ஆசாமியிடம் கத்தினேன். அவர் நாலடியில் கூண்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க மனசு நோவக் கூடாதுன்னுதானுங்க அன்னிக்குக் கம்முனு நின்னோம்."

துணி காயும் கம்பி

புஷ்பத்தின் வீட்டு வென்டிலேட்டரிலிருந்து ஆரோக்கியத்தின் வென்டிலேட்டருக்கு ஒரு கம்பி போயிற்று. கான்கிரீட் கம்பிகளைக் கட்டுகிற மெல்லிய கம்பி. தன் பையிலிருந்து தவறி விழுந்ததாகப் பழனியப்பன் பிற்பாடு சொன்னார். இரண்டு முனையிலும் உள்பக்கம் ஒரு பால் டின், அதற்குள் கூழாங்கல். விடியற்காலையில் புஷ்பம் இழுத்தால் அங்கே டின் குலுங்கும். ஆரோக்கியம் இழுத்தால் இங்கே.

இன்ஜினீயர் கடைசித் தடவை பார்வையிட வந்தபோது கம்பி அவர் கண்ணில் பட்டது. அனுமதியில்லாமல் ஏதாவது கட்டினால் அறுக்க வேண்டும் என்று என்னைத்தான் பார்த்தார். புஷ்பம் முன்னால் வந்து, அது துணி காயப்போடுகிற கம்பி என்றார். சுற்றிலும் மேகம் இறங்கி, பத்தடியில் நிற்கிற ஆள்கூடத் தெரியவில்லை. அந்த மேட்டில் வாரக்கணக்கில் துணி காய்ந்ததில்லை. "அப்ப டின் எதுக்கும்மா?" என்றார் இன்ஜினீயர்.

"துணி காஞ்சிருச்சின்னா அதுவே கூப்பிடும் தொரை."

முகம்

கணக்கு முடிப்பதற்காக ஒரு நாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பெண்கள் கூடையோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் மட்டும் தன் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே டின் குலுங்குவது எனக்கே கேட்டது. அவர் அசையவில்லை. மேலேயிருந்து ஒருத்தி, "யக்கோவ், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கா நிக்கிற? வா வா!" என்று கேலியாகக் கத்தினாள். புஷ்பமும் பதிலுக்கு ஏதோ சொன்னார். அதை எழுத முடியாது. ஆனால் கால் நகரவில்லை.

ஆரோக்கியத்தின் கதவு திறந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் வெளியே வந்து நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அவ்வளவுதான். புஷ்பம் கூடையை மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து ஏறினார். பதில் சத்தம் வந்துவிட்டதே, பிறகும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சத்தத்த நம்பி ஒரு தடவ போயிட்டேன் ஐயா. இனிமே மூஞ்சியப் பாத்தாத்தான் போவேன்."

கடைசியாகப் போனது

ஓய்வு பெற்ற பிறகு, எமரால்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், காலையில் அந்த மேட்டுக்கு நடந்தேன். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகளெல்லாம் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். புஷ்பத்தின் மகனும் அங்கேதான் இருக்கிறானாம். புஷ்பம் காலமாகிவிட்டதை எமரால்டுக்கு வந்த பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார்கள். அவர் வீட்டுக் கதவில் பூட்டு துருப்பிடித்திருந்தது. நாலடியில் கோரைப் புல் முளைத்திருந்தது.

பூட்டிய வீட்டுக்குள் டின் குலுங்கியது. நான் நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டுக் கதவு திறந்து, கம்பளி போர்த்திய கிழவர் ஒருவர் வெளியே வந்து, புஷ்பத்தின் வாசலைப் பார்த்தபடி நின்றார். ஆரோக்கியத்துக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார், பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார், கூரை இன்னும் ஒழுகுகிறது என்றார். பழைய கம்பியைக் காட்டி, அந்த வீட்டில்தான் யாரும் இல்லையே என்று மெதுவாகக் கேட்டேன். தம்ளரை ஊதிக்கொண்டே சொன்னார்:

"நான் வெளிய வந்து நிக்கலைன்னா அக்கா வேலைக்குக் கெளம்ப மாட்டாங்க."

திரும்பும்போது அந்த இடைவெளியின் ஓரமாகத்தான் நடந்து வந்தேன். வரைபடத்தில் நான் எழுதிக் கொடுத்த காற்றும் வெளிச்சமும் அங்கே இன்றுவரை ஒரு குறையுமில்லாமல் வந்துகொண்டிருக்கின்றன.